பழஞ்சீலையும் வெட்டுத்துண்டும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கரையோர வீதியில், மாங்கேணியைத் தாண்டி வாகரையை எட்டுமுன் களப்பைப் பாலத்தால் கடக்கும் இடம் பனிச்சங்கேணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மீன்பிடியும் சேனைப்பயிரும் கூலி வேலையுமாக வாழும் குடிகள். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையைச் சுனாமி அடித்தது. 2006-இன் கடைசி மாதங்களில் போர் சனத்தைக் கிளப்பியது. 2007-இல் அவர்கள் திரும்பி வந்தார்கள். அதன்பின் இப்பக்கம் வந்த உதவிகளில் ஆண்களுக்கு வள்ளமும் வலையும், பெண்களுக்குத் தையல் மெசினும் என்று எழுதாத பங்கீடு ஒன்று இருந்தது. மெசினோடு ஒரு யோசனையும் சேர்ந்து வந்தது. மிச்சத் துணியில் கைப்பை தைக்கலாம், பொம்மை செய்யலாம், கால்மிதி போடலாம். மூலப்பொருளுக்குச் செலவில்லை, வீட்டிலிருந்தபடியே வருமானம். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அதன் அடியில் ஒரு வரலாற்று நம்பிக்கை படிந்திருக்கிறது: ஏழை வீட்டுப் பெண் காலங்காலமாகத் துணியை வீணாக்காதவள், அந்தச் சிக்கனத்தோடு ஒரு மெசினைச் சேர்த்தால் தொழில் பிறந்துவிடும் என்ற நம்பிக்கை. கிழக்குக் கரையின் துணி வரலாறு இதற்குச் சாட்சி சொல்லவில்லை. அங்கே இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருந்தன. உடுத்துத் தேய்ந்த பழஞ்சீலை ஒன்று. புதுத்துணியை வெட்டும்போது விழும் வெட்டுத்துண்டு மற்றது. முன்னதைக் கையாளும் பழக்கம் இங்கே மிகப் பழையது. பின்னது நேற்று வந்தது. அதுவும் வெளியூரிலிருந்து, லொறியில்.

வெட்டினால்தானே துண்டு மிஞ்சும்? சீலை, வேட்டி, சாரம், சால்வை ஆகிய எதுவும் வெட்டித் தைக்கும் உடையல்ல. தறியிலிருந்து இறங்கிய அளவிலேயே உடுத்துவது. சாரத்துக்கு மாத்திரம் இரண்டு முனையையும் சேர்த்து மூட்ட ஒரு தையல் வேண்டும். இப்படி உடுத்த ஊரில் மிச்சத் துணி என்று ஒரு பொருள் உருவாகவே வழியில்லை. பிள்ளைகள் பல வயதுவரை சட்டை இல்லாமல் திரிந்தார்கள், ஆண்கள் மேலுக்கு ஒன்றும் போடவில்லை, பெண்கள் ரவிக்கை இல்லாமலே குறுக்குக் கட்டாகச் சீலை உடுத்தார்கள். இந்தக் கோலத்தை வறுமை என்று மட்டும் படிப்பது சரியல்ல. வெப்பமும் ஈரமும் மிகுந்த களப்புக்கரைக்கு ஏற்ற உடை அது. ஆனால் அதன் பலனாகத் துணி ஒரு வீட்டுக்குள் முழுதாக நுழைந்தது, முழுதாகவே தேய்ந்தது. தையல் பெட்டிக்குள் வண்ணத் துண்டுகள் சேரும் காட்சி இந்தக் கரையில் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது.

அந்த முழுத் துணியும் மலிவாகக் கிடைக்கவில்லை. இலங்கைக்குத் துணி பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தது. கண்டி இராச்சியத்துக்கு மட்டக்களப்பும் கொட்டியாரமும் வாசலாக இருந்த காலத்தில் பாக்கு வெளியே போனது, துணி உள்ளே வந்தது. 1660-களின் நடுவில் டச்சுக் கம்பெனி இந்த இரண்டு துறைகளையும் தன் கைக்குள் கொண்டுவர முனைந்ததற்கு இந்த வாணிபம் ஒரு முக்கிய காரணம். காட்டுக்குள் வாழ்ந்த வேடர் ரிட்டி மரத்தின் பட்டையை உரித்துப் பை செய்ததை 1911-இல் வெளிவந்த தங்கள் நூலில் செலிக்மன் இணையர் பதிவு செய்திருக்கிறார்கள். அதே நூலில் மட்டக்களப்புக்கு வடக்கே கடலோரம் மீன்பிடித்து வாழ்ந்த கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் உண்டு. பனிச்சங்கேணி, வாகரைப் பக்கம் இன்றும் அந்த வழிவந்தவர்கள் வாழ்கிறார்கள். பருத்தி இவர்களுக்குப் பண்டமாற்றில் வரும் பொருள். துணி இருக்கட்டும், நூலே எவ்வளவு அருமை என்பதற்கு மீன்பிடியில் ஒரு சான்று இருக்கிறது. நைலோன் வலை 1950-களிலும் 60-களிலும் வந்து சேரும்வரை வலை என்றால் பருத்தி நூலோ சணலோதான். உப்புத் தண்ணீரில் நூல் அழுகாமல் இருக்கப் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாயத்தில் வலையைத் தோய்த்து உலர்த்துவார்கள். அந்தக் காயின் துவர்ப்பு நூலில் ஏறிக் கறுப்பாக இறுகும். கிழிந்த கண்ணைப் பொத்துவதற்குச் செலவான நேரம் மீன்பிடித்த நேரத்துக்குக் குறைவில்லை. நூலை இப்படிக் காப்பாற்றிய ஊரில் சீலை எளிதில் குப்பைக்குப் போயிருக்காது.

பழஞ்சீலைக்கு என்று ஒரு வழி இருந்தது, அந்த வழி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றே. நைந்த சீலை முதலில் வீட்டுக்குள் உடுத்தும் சீலையாகும். பிறகு போர்வை. அதன் நல்ல பாதி, அதாவது உடம்பில் அதிகம் உராயாத முந்தானைப் பக்கம், வளையில் கட்டும் ஏணையாகிப் பிள்ளையைத் தாங்கும். புதுச்சீலையை ஏணைக்குக் கட்டமாட்டார்கள், காரணம் செலவு மட்டுமில்லை. பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை புதிதில் வராது. மற்றப் பாதி நாலாகவும் எட்டாகவும் கிழிந்து பிள்ளைக்கு அணையாடையாகும். அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணி, கஞ்சி வடிக்கும் துணி, காயத்துக்குக் கட்டு, தலைச்சுமைக்குச் சும்மாடு என்று பிரிந்துபோய், கடைசியில் திரிக்கப்பட்டுக் குப்பிவிளக்கின் திரியாகவோ இரவில் களப்பில் மீன் பார்க்கும் பந்தமாகவோ எரிந்து முடியும். இந்த வரிசையில் மிக அவசியமான ஒன்றை எழுதப்பட்ட வரலாறுகள் விட்டுவிடுகின்றன: மாதவிலக்குத் துணி. வயதுவந்த ஒவ்வொரு பெண்ணும் மாதாமாதம், துவைத்து மறைவாக உலர்த்திப் பயன்படுத்திய துணி அது. ஒரு வீட்டில் மூன்று பெண்கள் இருந்தால் பழஞ்சீலையின் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். இலங்கையில் 2018 வரை மாதவிலக்கு அணையாடைகள் மீது விதிக்கப்பட்ட இறக்குமதி வரிகளின் மொத்தச் சுமை 101.2 விழுக்காடு. 2022 நெருக்கடியில் விலை மறுபடி ஏறியபோது பலர் துணிக்கே திரும்பினார்கள். பழஞ்சீலையின் இந்த வேலை முடிந்துபோன பழங்கதை இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வரிசை முழுவதிலும் கவனிக்க வேண்டியது, இதில் எங்கும் தையல் இல்லை. கிழிப்பதும் மடிப்பதும் முறுக்குவதும்தான். துணியின் மென்மையும் உறிஞ்சும் தன்மையுமே அதன் மதிப்பு. நிறமோ கோலமோ யாருக்கும் பொருட்டில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். வங்காளத்துப் பெண்களும் பழஞ்சீலைதான் வைத்திருந்தார்கள். அவர்கள் அதை அடுக்கடுக்காக வைத்து, சீலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் காந்தா என்ற கலையை உண்டாக்கினார்கள். 1939-இலேயே ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதைப் பற்றி எழுதிவிட்டார். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தியர் பழந்துணித் துண்டுகளைச் சேர்த்துக் கவுதி தைக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் வேலைச் சட்டைகளின் கந்தலில் தைத்த போர்வைகளை 2002-இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அங்கெல்லாம் வறுமை கலையைப் பெற்றபோது இங்கே மட்டும் ஏன் பெறாது? நியாயமான கேள்வி. முதல் விடை குளிர். வங்காளத்தின் மார்கழிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்கும் தடித்த போர்வை வேண்டும். கிழக்குக் கரையின் மாரியில் குளிர்காற்று உண்டு, ஆனால் சாரத்தை இழுத்துப் போர்த்தினால் போதும். அடுக்குத் தையல் போட்ட கனத்த துணி அந்த மாரியில் உலராது, பூஞ்சணம் பிடிக்கும். இரண்டாவது விடை பாய். படுக்க விரிக்கும் பொருளாக இங்கே பன்பாய் இருந்தது. களப்போரத்துப் பன்னை வெட்டி, வாட்டி, கிழித்து, சாயம் தோய்த்துப் பெண்கள் இழைத்த பாயில் நிறமும் கோலமும் நுணுக்கமும் இருந்தன. கைத்திறனுக்கு இங்கே பஞ்சமில்லை. அது போய்ச் சேர்ந்த பொருள் வேறு. மூன்றாவது, வங்காளம் தறிகளின் நாடு. ஐந்தாறு பழஞ்சீலையை ஒரு போர்வைக்காக ஒதுக்கி வைக்கும் வசதி, அடுத்த தெருவில் தறி ஓடும் ஊருக்கு இருந்தது; துணி கடல்தாண்டி வந்த ஊருக்கு இல்லை.

சான்று எஞ்சவில்லை என்பதை வைத்துப் பொருளே இல்லை என்று முடிவு கட்டலாமா, ஈரமும் செல்லும் தின்றிருக்குமே என்றும் கேட்கலாம். பொருள் அழியும், உண்மை. ஆனால் பழகிய கைவேலை அவ்வளவு எளிதில் அழிவதில்லை. பன்பாய் இழைக்கும் கையும், வலை பொத்தும் கையும், ஏணை கட்டும் கையும் பரம்பரையாக இருக்கின்றன. கூத்து உடுப்பும் அப்படித்தான். வி. சீ. கந்தையா 1964-இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ முதல் மௌனகுருவின் ஆய்வுகள்வரை விரிவாகப் பேசப்படும் கூத்து மரபில், கரப்புடுப்பும் வில்லுடுப்பும் வளைத்த சட்டத்தின் மேல் சீலை சுற்றி, மணியும் கண்ணாடியும் ஒட்டிச் செய்த ஆடம்பர வேலைகள். கோயில் சடங்குக்கு வண்ணார் கட்டும் வெள்ளையும் மேற்கட்டியும் துணியால் ஆன அழகுதான். இவை இரண்டிலும் துணி ஊர்ப் பொதுவில் வந்து கூடியது, பெரும்பாலும் வெட்டுப்படாமலே பயன்பட்டது. சடங்கு முடிந்ததும் மேற்கட்டித் துணி அவிழ்ந்து மறுபடி துணியாகிவிடும். எதிர்க்கரையில், தஞ்சாவூர், கும்பகோணப் பக்கத்துத் தேர்களுக்குத் தொம்பை தைப்பவர்கள் நிறத் துணிகளை வெட்டி ஒட்டித் தைப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே கோயிலும் அரசும் பணம் கொடுத்துப் புதுத்துணியை வெட்டச் சொன்னன. ஒட்டுத் தையல் வளமான இடத்தில் பிறந்த கலை என்று நான் துணிந்து சொல்வேன். வறுமையின் கலை என்ற பெயர் அதற்குப் பாதிக்கு மேல் பொருந்தாது.

கத்தரிக்கோல் இந்தக் கரைக்கு வந்த வழி மிஷன் பள்ளி. மெதடிஸ்த மிஷன் 1814-இல் மட்டக்களப்பில் கால் வைத்தது. பெண்பிள்ளைகளுக்கான பள்ளிகள் தொடர்ந்தன, அங்கே வாசிப்பும் எழுத்தும் தையலும் ஒன்றாகவே கற்பிக்கப்பட்டன. சிங்கர் கம்பெனி 1877-இல் கொழும்பில் கடை திறந்து, பின்னர் தவணை முறையில் மெசினை ஊர் ஊராகக் கொண்டுபோனது. கனடாவில் பிறந்து இலங்கையில் மருத்துவராகப் பணிசெய்த மேரி இரத்தினம் தொடங்கிய மகிளா சமிதி 1930-களிலிருந்து கிராமத்துப் பெண்களிடம் தையல் வகுப்பை எடுத்துச் சென்றது. ரவிக்கை, பிள்ளைச் சட்டை, பாவாடை, பள்ளிச் சீருடை என்று வெட்டித் தைக்கும் உடைகள் பெருகப் பெருக வெட்டுத்துண்டும் பிறந்தது. ஒரு ரவிக்கை வெட்டும்போது விழுவதைப் பாருங்கள். கழுத்துச் சுற்றில் அரைவட்டம், கைக்குழியில் இரண்டு பிறை, தோள் சரிவில் மெல்லிய முக்கோணம், ஓரத்தில் ஒரு நீளப்பட்டி. அரைவட்டமும் பட்டியும் அதே ரவிக்கைக்கே திரும்பிப் போகும்: கழுத்துக்கு உள்மடிப்பாகவும் கொக்கிப் பட்டியாகவும், மூலைவாட்டில் வெட்டிச் சேர்த்தால் விளிம்புக்கும். பிறைகள் இரண்டும்தான் உண்மையான மிச்சம். அவையும் கையகலம் தாண்டுவதில்லை. அவற்றில் ஒரு வெற்றிலைப்பையோ சுருக்குப்பையோ தைக்கலாம். கிராமத்துத் தையல்காரி ஒருவரிடம் ஒரு மாதத்தில் சேரும் மிச்சம் ஒரு தலையணை உறையைத் தாண்டாது. நன்றாக வெட்டத் தெரிந்த கை குறைவாகவே மிச்சம் விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிச்சத் துணித் தொழிலுக்கு மூலப்பொருள் வீட்டிலேயே கிடைக்கும் என்ற கணக்கு இந்தப் பிறைத்துண்டிலேயே உடைந்துபோகிறது.

1970 முதல் 1977 வரை இறக்குமதியை இறுக்கிப் பிடித்த ஆட்சியில் துணி அருமைப் பொருளானது. சங்கக் கடையிலும் அரசின் சலுசலக் கடையிலும் வரிசையில் நின்று வாங்கிய துணியை யாரும் துண்டாக்கி விளையாடவில்லை. அதே காலம் கிழக்கின் தறிகளுக்கு நல்ல காலம். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் சாரமும் சீலையும் நெய்தவர்களுக்குப் போட்டி இல்லாத சந்தை வாய்த்தது. 1977-இல் இறக்குமதிக் கதவு திறந்ததும் வெளிநாட்டு மில் துணி உள்ளே பாய்ந்தது. நாடெங்கும் கைத்தறிகள் நின்றுபோயின. மருதமுனை இன்றும் நெய்கிறது, ஆனால் பழைய அளவில் இல்லை. அடுத்த ஆண்டே, 1978-இல், கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992-இல் பிரேமதாச அரசு இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. இங்கேதான் நம் பொருளின் வரலாறு தலைகீழாகிறது. தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான மடிப்புத் துணியை அடுக்கி ஒரே வெட்டில் அறுக்கிறார்கள். அந்தக் கட்டத்திலேயே துணியில் பத்து முதல் இருபது விழுக்காடுவரை கழிவாகும் என்பது உலகெங்கும் ஆடைத்தொழிலில் வழங்கும் மதிப்பீடு. ஒரு தையல்காரியின் வாழ்நாள் மிச்சத்தை ஒரு தொழிற்சாலை ஒரு முற்பகலில் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிடும். துணிக்கு அருமை இருந்தவரை இந்தப் பொருள் இல்லை. துணி மலிந்தபின் பிறந்தது.

அந்த மூட்டையிலிருந்து பிறந்த வீட்டுத்தொழில் கால்மிதி. செய்யும் முறையைக் கிட்டே நின்று பார்த்தால் அது சிக்கனத்தின் வேலை இல்லை, மூலப்பொருளின் வேலை என்பது விளங்கும். பெனியன் துணி வெட்டுத்துண்டுதான் இதற்கு ஏற்றது. இரண்டு விரல் அகலத்தில் பட்டியாக வெட்டி, இரு முனையையும் பிடித்து ஓர் இழு இழுத்தால் ஓரங்கள் தாமாகச் சுருண்டு கயிறு போலாகிவிடும்; நூல் பிரியாது. சட்டைத் துணியை அப்படி வெட்டினால் ஓரம் கழன்று நூல் நூலாக வரும். அடிக்குச் சாக்கோ உரப்பையோ. அதன் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, மடித்த பட்டிகளை நெருக்கி வைத்து ஒரு வரிசை தைத்து, அந்தத் தையலை மறைக்கும்படி அடுத்த வரிசையை உள்ளே வைத்துக்கொண்டு நடுவை நோக்கிப் போக வேண்டும். நடுவில் மூன்று நான்கு மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று சேரும் இடத்தில் வீட்டு மெசினின் ஊசி உடையும். அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றித் தைப்பார்கள். ஒரே அகலம், ஒரே வகை, பொருந்தும் நிறம் என்று பட்டி கிடைத்தால்தான் கால்மிதி விலைபோகும். சமையலறை மூலையில் சேர்ந்த பலசாதித் துண்டில் அது வராது. ஆகவே இந்தத் தொழில் பெரும்பாலும் மேற்கிலும் தெற்கிலும், தொழிற்சாலை மூட்டையை நிறைபோட்டு வாங்கக்கூடிய ஊர்களில் வேரூன்றியது. தமிழ்நாட்டில் திருப்பூரைச் சுற்றி நடப்பதும் இதுதான். அங்கே பெனியன் வெட்டுக்கழிவு தரம் பிரித்து விற்கப்பட்டு, மறுபடி நூலாகக்கூட நூற்கப்படுகிறது.

பனிச்சங்கேணிக்கு இந்த மூட்டை ஏற்றிய லொறி நெடுங்காலம் ஏன் வரவில்லை என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1990-இலிருந்து 2007 தை மாதம்வரை, 2002-இன் போர்நிறுத்தம் தந்த இடைவெளி தவிர, வாகரைக்கான வீதி போரின் வீதியாக இருந்தது. வலயத் தொழிற்சாலைகள் துண்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்த பதினேழு ஆண்டுகளும் இந்தக் கரைக்கு அவை எட்டாதவை. போர் துணிக்கு வேறொரு பயனும் கண்டது; 2009-இல் வன்னியில் பெண்கள் சீலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அடுக்கியதைத் தப்பி வந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். கூறைச்சீலையும் அதில் போனது. துணியைக் கலைப்பொருளாகப் பேசுகிற எந்தக் கட்டுரையும் அந்தப் பைகளைத் தாண்டிப் போவது நேர்மையாகாது.

சுனாமிக்குப் பிந்திய யோசனைக்கு இப்போது வரலாம். அதற்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் வலுவான சான்று தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருக்கிறது. ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்தும் உபாசனா வடிவமைப்பகம் 2005-இல் மீனவ ஊர்ப் பெண்களுக்கு ஆடைத்தொழில் மிச்சத் துண்டுகளில் விரலளவுப் பொம்மை செய்யப் பழக்கியது. சுனாமிகா என்ற அந்தப் பொம்மை பல இலட்சம் செய்யப்பட்டுப் பல நாடுகளுக்குப் போனது. செய்தவர்களுக்குக் கூலி கிடைத்தது. கடலைப் பார்க்கவே அஞ்சிய நாட்களில் கைக்கும் மனதுக்கும் ஒரு வேலை கிடைத்தது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது நடந்த விதத்தைக் கவனியுங்கள். சுனாமிகா விற்பனைக்கு இல்லை, அன்பளிப்பு. செலவை ஈடுசெய்தது நன்கொடை. துண்டு ஆடை வடிவமைப்பகத்திலிருந்து வந்தது. சந்தைக்கு வெளியே நின்றதாலேயே அது அவ்வளவு தூரம் பரவியது. அதே பொம்மையைப் பனிச்சங்கேணிச் சந்தியில் ஒரு மேசையில் வைத்து விற்கச் சொன்னால் எத்தனை போகும்? தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, சுனாமிக்கு வந்து தேவைப்படாமல் குவிந்த பழந்துணியைத் தரம் பிரித்து, பின்னாளில் அவ்வகைத் துணியை மாதவிலக்குத் துணியாக்கியது. பழஞ்சீலையின் பழைய வேலையை அப்படியே பெரிய அளவில் செய்ததுதான் அதன் சிறப்பு. அங்கும் பணம் வாங்குபவரிடமிருந்து வரவில்லை.

சந்தைக்குள் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்குக் கரையோடு தொடர்புள்ள ஒரு பழைய சாட்சி இருக்கிறார்: றொபேட் நொக்ஸ். வெருகலுக்கு வடக்கே கொட்டியாரத்தில் 1660-இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி. பிழைப்புக்காக அவரும் தோழர்களும் பருத்தி நூலில் தொப்பி பின்னக் கற்றார்கள். மூன்று பென்ஸ் நூலில் ஒன்பது பென்ஸ் தொப்பி என்று தொடக்கத்தில் நல்ல இலாபம். எல்லாரும் பின்னத் தொடங்கியதும் தொப்பி மலிந்தது, விலை விழுந்தது, வாங்க ஆளில்லை. நொக்ஸ் கடைசியில் நெல்லை வட்டிக்குக் கொடுத்துப் பிழைத்ததாகத் தம் 1681 நூலில் எழுதுகிறார். ஒரே பயிற்சி, ஒரே பொருள், ஒரே சிறு சந்தை என்றால் முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் கணக்கு மாறாது. ஓர் ஊரில் முப்பது பெண்களுக்கு ஒரே கைப்பையைத் தைக்கக் கற்றுக்கொடுத்தால் முப்பத்தோராவது பெண்தான் வாங்குபவர். அவரிடமும் பை இருக்கும்.

அப்படியானால் இலங்கையில் மிச்சத் துணி எங்குமே தொழிலாகவில்லையா? ஆகியிருக்கிறது. பாபரா சன்சோனி 1960-களில் கொழும்பில் தொடங்கிய பெயார்பூட், 1991-இல் குருணாகலில் தொடங்கிய செலின் ஆகிய இரண்டும் கைத்தறித் துணி நெய்து, உடையும் பொம்மையும் செய்து விற்கின்றன. இங்கே மிச்சம் அதே நிறுவனத்தின் தறியிலிருந்து வருகிறது. நிறமும் தரமும் முன்னமே தெரியும். விற்கக் கொழும்பில் கடையும் வெளிநாட்டில் வாங்குபவரும் இருக்கிறார்கள். துண்டு அங்கே இலவசப் பொருள் இல்லை. முதல் பொருளின் விலைக்குள் அதன் விலை ஏற்கனவே அடங்கியிருக்கிறது. பனிச்சங்கேணிப் பெண்ணுக்குக் கைத்திறன் குறைவு என்பதால் இது இல்லாமல் போகவில்லை. தறியும் மூட்டையும் கடையும் அவள் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் வருமானத்தால் அளக்கலாமா என்பது கடைசி மறுப்பு. பிள்ளைக்கு ஒரு துணிப்பொம்மை, கதவுக்கு ஒரு தொங்கல், பள்ளிக்கு ஒரு பென்சில் பை செய்வதில் இருக்கும் நிறைவு கணக்கில் வராதா? வரும். வீட்டுக்குச் செய்வதற்கு நான் ஒரு சொல்லும் எதிராகச் சொல்லவில்லை. ஒரு மாலைப்பொழுதில் நாலு பெண்கள் கூடிச் சிரித்துக்கொண்டே தைப்பதற்கு எந்தத் திட்ட அறிக்கையும் வேண்டாம், அதற்கு இலாபநட்டம் பார்க்கவும் வேண்டாம். ஆனால் அந்த நிறைவைக் காட்டி வாழ்வாதாரம் என்ற தலைப்பில் கடனும் மெசினும் கொடுப்பது வேறு விஷயம். அங்கே அவளுடைய உழைப்பு நேரம், ஊசி, நூல், பஸ் காசு எல்லாம் முதலீடு. அது திரும்பி வருமா என்று கேட்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது. துணி கடல்தாண்டி வந்த நாளிலிருந்து இந்தக் கரையின் பெண்கள் அந்தக் கணக்கைச் சரியாகவே போட்டு வந்திருக்கிறார்கள். பழஞ்சீலையைத் தைக்காமல் கிழித்ததும் அந்தக் கணக்கில்தான்.

இன்று நிலைமை மாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. வீதி திறந்திருக்கிறது, பாலத்தில் லொறி ஓடுகிறது, போருக்குப் பின் ஆடைத் தொழிற்சாலைகள் இந்த மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. வெட்டுத்துண்டு இப்போது ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் விழுகிறது. ஆகவே வாகரைப் பிரதேசத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு அடுத்த மெசின் பட்டியலைத் தயாரிக்கும் அலுவலர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. மாதம் எத்தனை கிலோ பெனியன் துண்டு, எந்தத் தொழிற்சாலையிலிருந்து, கிலோ என்ன விலைக்கு வரும், செய்த கால்மிதியை எந்தக் கடை எடுக்கும் என்று ஒரு தாளில் எழுதி, மெசினுக்கு முன்னால் அதைச் சங்கத்தின் கையில் கொடுங்கள்.